தண்ணீர்க் குழு

ஒன்றாம் வகுப்பில் படித்தபோது பள்ளி விழாவுக்கு வந்த விருந்தினர் ஒருவர் எங்கள் வகுப்புக்குள்ளும் வந்தார். ஒவ்வொருவராக எழுப்பி, படித்து என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டார். எனக்கு முன்னால் இருந்தவள் டீச்சர் என்றாள். நானும் அதையே சொன்னால் அவளைப் பார்த்துச் சொன்னதாக நினைப்பார்கள் என்று டாக்டர் என்றேன். நடந்தது அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் என்னை அழைத்துப்போக வந்த அம்மாவிடம் வகுப்பு டீச்சர் இதைச் சொன்னார். அம்மா திண்டுக்கல் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வார்டில் சொன்னாள். அப்பா ஆத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியர். அவர் ஆசிரியர் அறையில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது அத்தைமார்கள், "டாக்டரம்மா, என் மூட்டு வலிக்கு நீதான் வைத்தியம் பாக்கணும்" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். ஆறாம் வகுப்புக்குள் அது தீர்மானமான விஷயமாகிவிட்டது. ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப் என்று வீட்டில் யாரும் யாரையும் கேட்கவில்லை. பயாலஜிதான்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் கண் இருட்டிவிடும். எட்டாம் வகுப்பு லீவில் அம்மாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். தலையில் அடிபட்ட ஒருவரை அப்போதுதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு நொடிதான் பார்த்தேன். காது அடைத்துக்கொண்டது. எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை, வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தேடிக்கொண்டு வந்த அம்மாவிடம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரி, செத்த நேரம் இருந்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள்.

படிக்கப் படிக்கப் பழகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லா டாக்டர்களும் முதலில் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன். ஆனால் விலங்கியல் புத்தகத்தில் இதயத்தின் படம் வரும் பக்கத்தை வேகமாகப் புரட்டுவேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. ப்ளஸ் ஒன் பரீட்சை முடிந்த வாரம் எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். ஊருக்கு வெளியே இருந்த ஒரு கல்லூரியில் மே மாதம் மூன்று வாரம் கோடை அறிவியல் வகுப்பு நடக்கப் போகிறது, மாவட்டத்துப் பள்ளிகளில் இருந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அங்கேயே தங்க வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள், எங்கள் பள்ளியில் இருந்து என்னை அனுப்ப நினைக்கிறார்கள் என்று விவரம். அம்மாவுக்கு யோசனைதான். அதே மே மாதத்தில்தான் என்ட்ரன்ஸ் கோச்சிங் ஆரம்பிக்கிறது. என்னைக் கூட்டிக்கொண்டு போய் சிஸ்டரிடமே கேட்டாள்.

"அங்க பயாலஜி உண்டா சிஸ்டர்?"

"எல்லாம் உண்டும்மா. ரத்தம்கூட டெஸ்ட் பண்ணிக் காட்டுவாங்களாம்."

"அப்ப மெடிக்கலுக்கு ஒதவும்" என்று அம்மா முடிவு செய்தாள். ரத்த டெஸ்ட் எந்த நாளில் வரும் என்று நான் அப்போதே கணக்குப் போட ஆரம்பித்தேன்.

அப்பாதான் டவுன் பஸ்ஸில் கொண்டுபோய் விட்டார். ஒரு பெட்டி, வாளி, தலையணை. கல்லூரி லீவில் இருந்ததால் பெரிய ஹாஸ்டல் காலியாகக் கிடந்தது. மாடியில் நின்றால் சிறுமலை முழுக்கத் தெரியும். என் அறைக்கு வந்து சேர்ந்தவள் தொப்பம்பட்டிப் பக்கத்து ஊர்க்காரி. நான் கட்டிலில் விரிப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் நின்று, "உள்ள வரலாமுங்களா?" என்று கேட்டாள். என் வயதுக்காரி என்னை வாங்க போங்க என்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்குங்க சிரிக்கறீங்க?"

"நான் உன் செட்டுதாம்ப்பா. நீன்னே சொல்லு."

"மொதல்ல பழகட்டும். அப்பறம் சொல்றனுங்க" என்றாள். இரண்டாம் நாளே "ஏம்புள்ள" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

அவள் வீட்டில் விவசாயம். வெங்காயம், முருங்கை, மாடுகள். மாடு கன்று போடும்போது கால் மாட்டிக்கொண்டதையும், தன் அப்பா ஊரில் இல்லாததால் இவளே கையை விட்டு இழுத்ததையும், கோயிலுக்குப் போய்விட்டு வந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். நான் தலையணை உறையை மாட்டுவதுபோல் திரும்பிக்கொண்டேன். "நான் டாக்டருக்குப் படிக்கோணும்னு ஆச. எங்கூட்டுல ப்ளஸ் டூ முடிச்சா கல்யாணம்னு சொல்லிப் போட்டாங்க" என்றாள். நான் டாக்டர் படிக்கப் போவதாகச் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வையில் பொறாமை துளியும் இல்லை. "குடுத்து வெச்சவ புள்ள நீ" என்றாள்.

வகுப்புகள் நான் அதுவரை பார்த்தவைபோல் இல்லை. முதல் நாள் இயற்பியல் வகுப்பில் நான் எழுந்து, "இதெல்லாம் பரீட்சைக்கு வருமா சார்?" என்று கேட்டேன். "பரீட்சையே கெடையாதேம்மா" என்றார் அவர். நான் உட்கார்ந்துவிட்டேன். பரீட்சை இல்லையென்றால் எதற்கு அடிக்கோடு போடுவது, எதை விடுவது? முதல் இரண்டு நாளும் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருந்தேன்.

நான்காம் நாள் காலையில் ரத்த வகை கண்டுபிடிக்கும் வகுப்பு. ஒவ்வொருவரும் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைக்க வேண்டும். வரிசையில் எனக்கு முன்னால் தொப்பம்பட்டிக்காரி நின்றாள். குத்திக்கொண்டு, விரலைப் பிதுக்கி, "பாரு புள்ள, எத்தன செவப்பு" என்று திரும்பிக் காட்டினாள்.

கண் திறந்தபோது மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. தரையில் கிடந்தேன். என் தலை அவள் மடியில் இருந்தது. தாவணி முனையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் ஆவல. மயக்கந்தான். அப்பிடியே கெட" என்றாள். சுற்றிலும் நின்ற பையன்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டராகப் போகிறவள் என்று நான்கு நாளாக எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

வகுப்புகளை நடத்திக்கொண்டிருந்த வேதியியல் மேடம் வந்தார். நடுத்தர வயது, எப்போதும் காட்டன் சேலை, எதற்கும் பதறாதவர். பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காலைல சாப்டியா?"

"சாப்டேன் மேடம்."

"இதுக்கு முன்னாடி இப்படி வந்துருக்கா?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. வந்திருக்கிறது என்றேன். எப்போது என்றார். ரத்தத்தைப் பார்த்தால் என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, அறிவுரை சொல்லவும் இல்லை.

"சரி. மத்தியானத்துல இருந்து தண்ணி குரூப்புக்கு வந்துரு. அங்க ஒருத்தருக்கும் ரத்தம் வராது."

"நான் டாக்டருக்குப் படிக்கப் போறேன் மேடம்."

"படி. அதுக்கு இன்னும் நாள் கெடக்கு. இப்பத் தண்ணியப் பாரு."

கல்லூரிக்குப் பக்கத்துக் கிராமங்களின் கிணறுகளிலும் அடிகுழாய்களிலும் தண்ணீர் எடுத்து வந்து பரிசோதிப்பதுதான் தண்ணீர்க் குழுவின் வேலை. காலையில் வெயில் ஏறுவதற்குள் கல்லூரி வேனில் போய் பாட்டில்களில் பிடித்து வருவோம். வந்ததும் ஆய்வுக்கூடம். உப்பு எவ்வளவு, கடினத்தன்மை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கடினத்தன்மை பார்ப்பது எனக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று. குடுவையில் தண்ணீரை அளந்து ஊற்றி, ஒரு கறுப்புப் பொடியைத் துளி சேர்த்தால் திராட்சை ரசம்போல் சிவக்கும். மேலே மாட்டியிருக்கும் நீளமான கண்ணாடிக் குழாயில் இருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்காது. பிறகு ஒரே ஒரு சொட்டில் முழுவதும் நீலமாகிவிடும். அந்தச் சொட்டைத் தவறவிடாமல் பிடிக்க வேண்டும். அந்தச் சிவப்பைப் பார்த்து எனக்குக் கண் இருட்டவில்லை.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, ஒரே கிணற்றுத் தண்ணீருக்கு எனக்கு ஒரு கணக்கும் என்னோடு சேர்ந்து செய்த பெண்ணுக்கு வேறொரு கணக்கும் வந்தது. அவள் பழனியில் பெரிய பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் மீடியத்தில் படிப்பவள். நான் என்னுடையதை அடித்துவிட்டு அவளுடையதை எழுதப் போனேன். பின்னால் நின்ற மேடம் பார்த்துவிட்டார்.

"எது சரின்னு எப்படித் தெரியும்?"

"அவ பண்ணதுதான் சரியா இருக்கும் மேடம்."

"ஏன்?"

"தெரியல மேடம்."

"எனக்கும் தெரியல. திரும்பப் பண்ணு. ரெண்டு பேருமே பண்ணுங்க."

திரும்பச் செய்தேன். பழைய கணக்கே வந்தது. இன்னொரு முறை செய்தேன். அப்போதுதான் கவனித்தேன், அந்தக் கண்ணாடிக் குழாயில் எண்கள் மேலிருந்து கீழாக ஏறுகின்றன. நான் ஸ்கேலைப் பார்ப்பதுபோல் கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டிருந்தேன். போய்ச் சொன்னேன். "கண்டுபிடிச்சிட்டியா, நல்லது. மத்த தண்ணியெல்லாத்தையும் ஒருக்காப் பாத்துரு" என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அந்த இடத்தில் அசையாமல் நின்றிருந்தது நினைவிருக்கிறது. பள்ளியில் ஒரு தப்பு என்றால் மார்க் போனது போனதுதான். அதைப் பிறகு சரியாகப் புரிந்துகொண்டாலும் கழித்த மார்க் திரும்பி வராது. இங்கே தப்பு என்றால் திரும்பச் செய்ய வேண்டும், அம்புட்டுத்தான். வெட்கப்பட வேண்டியதில்லை, மறைக்க வேண்டியதில்லை. பதினோரு வருடம் படித்ததில் எனக்கு யாரும் சொல்லாத செய்தியாக இருந்தது அது. அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எல்லாத் தண்ணீரையும் மறுபடி பார்த்தேன். பசிகூடத் தெரியவில்லை.

பரிசோதித்த முடிவை அந்தந்த ஊருக்கே போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்பது மேடத்தின் ஏற்பாடு. மலையடிவாரத்து ஊர் ஒன்றில், நாங்கள் தண்ணீர் எடுத்தபோதே கல்யாணமாகி ஓராண்டுகூட ஆகாத ஒரு பெண் வந்து கேட்டிருந்தாள். "எங்க வீட்டுல பருப்பு வேகவே மாட்டேங்குது. எம்புட்டு நேரம் வச்சாலும் கல்லு மாதிரி நிக்கிது. தண்ணியில எதுவும் கோளாறா, பாத்துச் சொல்லுங்க பாப்பா" என்றாள். முடிவு வந்தபோது அந்தக் கிணற்றுத் தண்ணீர் நாங்கள் பார்த்ததிலேயே கடினமானது என்று தெரிந்தது. போய்ச் சொல்லும் பொறுப்பை மேடம் என்னிடம் விட்டார்.

வாசலில் அவளும் அவள் மாமியாரும் நின்றார்கள். நான் புத்தகத்தில் இருந்ததுபோல் ஆரம்பித்தேன். இருவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நிறுத்திவிட்டு, "இந்தத் தண்ணியில சுண்ணாம்பு மாதிரிச் சத்து ஜாஸ்தியா இருக்குங்க. அதனாலதான் பருப்பு வேகல, சோப்பும் சரியா நுரைக்காது. கோயில் பக்கத்துக் கிணத்துத் தண்ணி நல்லா இருக்கு. சமையலுக்கு மட்டும் அங்க எடுத்தாப் போதும்" என்றேன்.

அந்தப் பெண் மாமியார் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டீகளா அத்தை? தண்ணியாம்."

மாமியார் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "நான் என்ன உன்னயவா சொன்னேன்? கடைக்காரன் பழைய பருப்பப் போட்டுட்டான்னுல சொன்னேன்."

"கடைக்காரனையும் சொன்னீக" என்றாள் அவள். ஒரு பெரிய பாரம் இறங்கியது அவள் முகத்தில் எனக்கே தெரிந்தது. எங்களை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். வேனில் திரும்பும்போது மேடம் அடுத்த பாட்டில்களில் ஊர்ப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். நானாக, "அடுத்து எந்த ஊருக்குப் போறோம் மேடம்?" என்று கேட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் சிறுமலைக்குக் கூட்டிப்போனார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி. மேலே ஒரு ஊற்றில் கை கழுவினோம். சோப்பு போட்டவர்களுக்கு வழவழப்பு போகவே இல்லை, தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். "இது நேர் எதிர்த் தண்ணி, இதுல சுண்ணாம்பே இல்ல" என்று நான் சொன்னேன். தொப்பம்பட்டிக்காரி ரத்தம், செல் என்று நுண்ணோக்கிக் குழுவில் இருந்தாள். அவள் மலைவாழைப்பழத்தைத் தின்றுகொண்டே, "உனக்கு இதுதான் புள்ள ஒத்து வருது. மூஞ்சியே தெளிஞ்சு போச்சு" என்றாள். அப்படிச் சொல்லாதே, வீட்டில் கேட்டால் அவ்வளவுதான் என்றேன். "கேட்டா என்ன பண்ணிப் போடுவாங்க?" என்று கேட்டாள். என் அம்மாவும் அப்பாவும் என்னை எதற்கும் அடித்தவர்கள் இல்லை. அவர்கள் முகம் வாடும், அதற்குத்தான் நான் பயந்தேன்.

கடைசி நாள் பெற்றோரை அழைத்திருந்தார்கள். ஒவ்வொரு குழுவில் இருந்தும் ஒருவர் மேடையில் பேச வேண்டும். தண்ணீருக்கு நான் பேசினேன். பருப்புக் கதையைச் சொன்னபோது பின் வரிசையில் இருந்த அம்மாமார்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கீழே இறங்கி வந்தபோது என் அம்மா தொப்பம்பட்டிக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். மாடு கன்று போட்ட கதைதான். அம்மா அதை ரசித்துக் கேட்டு, தைரியமான பிள்ளை என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா சற்றுத் தள்ளி வேட்டியைச் சரிசெய்தபடி நின்றார். அம்மா அவரிடம் போய், "பிள்ளைய நர்சிங் படிக்க வைங்க. நாலு வருசம். சீக்கிரம் வேலை. கல்யாணத்துக்கும் கௌரவமா இருக்கும்" என்றாள்.

"யோசன பண்றனுங்க அம்மிணி" என்றார் அவர்.

பஸ்ஸில் வரும்போது அம்மா, "நல்லாப் பேசுன. பயமே இல்ல உனக்கு" என்றாள். சந்தோஷமாக இருந்தது. செத்த நேரம் கழித்து, "மெடிக்கல் காலேஜ்லயும் இதே மாதிரி தைரியமா இருக்கணும்" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதன்பிறகு ப்ளஸ் டூ. காலையில் பள்ளி, மாலையில் கோச்சிங், சனி ஞாயிறு மாதிரித் தேர்வு. வேதியியலில் மட்டும் எனக்கு மார்க் தானாக வந்தது. மற்றதெல்லாம் மூச்சு முட்டிப் படித்தது. என்ட்ரன்ஸ் எழுதினேன், முடிவு வந்தது. கட் ஆஃப் எட்டவில்லை. கொஞ்சமாகவும் இல்லை, நிறையவே குறைவு.

அந்த நாளை நான் மறக்க முடியாது. எங்கள் வீடு துக்க வீடுபோல் இருந்தது. அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா ரசம் மட்டும் வைத்தாள். அத்தை வந்து, "விடுங்க, ஆண்டவர் வேற வழி வச்சிருப்பார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து யாரும் எழுப்பவில்லை. நான் அழவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன்.

ஒரு வாரம் கழித்து அப்பா இம்ப்ரூவ்மென்ட் என்று ஆரம்பித்தார். வெளியூரில் ஒரு பள்ளி, ஹாஸ்டலில் தங்கி இன்னொரு வருடம் அதே பாடத்தைப் படித்து மறுபடி எழுதலாம், விசாரித்து வந்திருக்கிறேன் என்றார். மத்தியானம். அம்மா காலை டியூட்டி முடிந்து வந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாப்பா சொல்ற, போறியா?" என்றார் அப்பா.

இன்னொரு வருடம் என்று நினைத்ததும் எனக்குள் என்னவோ விட்டுப்போயிற்று. "எனக்கு ரத்தத்தப் பாத்தா மயக்கம் வரும்ப்பா" என்றேன். "கோடை வகுப்புல மயங்கி விழுந்துட்டேன். உங்ககிட்டச் சொல்லல."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வெங்காயத்தைக் கீழே வைக்கவில்லை. "எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?" என்றேன் நான்.

"எட்டாவது படிக்கிறப்ப சாப்பாடு கொண்டாந்துட்டு மரத்தடியில வெளிறிப் போய் உக்காந்திருந்தியே. வெயிலாம். எத்தன பேரப் பாத்துருக்கேன் நானு, வெயில் மயக்கம் எது, ரத்த மயக்கம் எதுன்னு தெரியாதா?"

"பின்ன ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"நீ அம்புட்டு ஆசப்படுறியே, நாம எதுக்கு மனச ஒடைக்கணும்னு விட்டேன். தெனமும் மாதாகிட்ட வேண்டிக்கிட்டுத்தான் இருந்தேன், இவளுக்கு அந்தப் பயம் போகணும்னு."

"நான் எங்கம்மா ஆசப்பட்டேன்? நீங்க ரெண்டு பேரும் ஆசப்படுறீங்கன்னுதான் படிச்சேன்."

அம்மா அப்பா பக்கம் திரும்பினாள். "உங்க அப்பாவுக்குத்தான் ஆச."

"எனக்கா?" என்றார் அப்பா. "ஆஸ்பத்திரி வாடையே எனக்கு ஆகாது. தாயும் மகளும் முடிவு பண்ணிட்டீங்க, நாம குறுக்க நிக்கக் கூடாதுன்னுல இருந்தேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வெங்காயக் கண்ணீரோடு அவள் சிரிக்க, அப்பாவும் சிரித்தார். மூன்று பேரும் பத்து வருடத்துக்கு மேல் சுமந்த ஆசை, மூவரில் ஒருவருக்கும் சொந்தமில்லை. அந்த விருந்தினர் கேட்டதையும், முன்னால் இருந்தவள் டீச்சர் என்றதையும் அன்றுதான் சொன்னேன். "அடிப் பாவி" என்றாள் அம்மா. ஆனால் அவள் தோள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன். "ராத்திரி பகல்னு அந்த டாக்டர் பிள்ளைக படுற பாட்டப் பாத்தா எனக்கே பயமாத்தான் இருக்கும். நல்லவேளை" என்றாள்.

"சரி, பின்ன என்னதான் படிக்கப் போற?" என்று கேட்டார் அப்பா.

"தண்ணி டெஸ்ட் பண்றது."

"அதுக்குன்னு படிப்பு இருக்கா?"

அதற்கு எங்கள் வீட்டில் யாருக்கும் பதில் தெரியாது. மறுநாள் அப்பாவும் நானும் அந்தக் கல்லூரிக்குப் போய் மேடத்தைப் பார்த்தோம். வேதியியல் பட்டம் படிக்கட்டும், பிறகு வழி நிறைய இருக்கிறது என்றார். ஆனால் இடமெல்லாம் முடிந்துவிட்டது. இன்ஜினியரிங் கிடைத்து யாராவது விட்டுப் போனால் சொல்வதாகச் சொன்னார். கொஞ்ச நாள் தவித்துக் காத்திருந்தோம். எதிர்வீட்டு போனுக்குத் தகவல் வந்தது. ஒரு பையன் கோயம்புத்தூர் போய்விட்டானாம். ஓடிப்போய்ச் சேர்ந்தேன்.

மூன்று வருடம் அங்கே, பிறகு மதுரையில் எம்.எஸ்சி. கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில் மற்றவர்கள் ஆய்வுக்கூடத்தில் எதையும் தொடவே தயங்கியபோது நான் தயங்கவில்லை. கெட்டிக்காரி என்பதால் இல்லை. தப்பு வந்தால் திரும்பச் செய்துகொள்ளலாம் என்று முன்பே தெரிந்திருந்தது, அதனால். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் குடிதண்ணீர் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலைக்கு நேர்காணல் வந்தது. உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர், "ஒரே சாம்பிளுக்கு ரெண்டு பேர் ரெண்டு ரிசல்ட் குடுக்குறாங்க. ஒருத்தர் சீனியர், ஒருத்தர் புதுசு. நீங்க எத ரிப்போர்ட் பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டையும் பண்ண மாட்டேன் சார். ரெண்டு பேரையும் திரும்பப் பண்ணச் சொல்வேன். நானும் பண்ணுவேன்" என்றேன்.

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தலையாட்டினார். வேலை கிடைத்தது. கொஞ்ச வருடத்தில் திண்டுக்கல்லுக்கே மாற்றலாகியும் வந்தேன்.

தொப்பம்பட்டிக்காரியின் அப்பா உண்மையிலேயே யோசனை செய்திருக்கிறார். அவளை நர்சிங் சேர்த்துவிட்டார். சும்மா இல்லை, என் அம்மாவோடு எஸ்.டி.டி பூத்தில் இருந்து பலமுறை பேசி, ஹாஸ்டல் எப்படி, ஞாயிறு லீவு உண்டா என்று எல்லாம் கேட்ட பிறகுதான். இப்போது கோயம்புத்தூரில் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறாள். டாக்டர் ஆகவில்லையே என்ற வருத்தம் அவளுக்கு முதல் சில வருடம் இருந்தது, அதை என்னிடம் ஒளித்ததும் இல்லை. பிறகு அந்தப் பேச்சு தானாக நின்றது. எனக்கு போன் செய்தால் ஐந்து நிமிடம் பேசுவாள். அம்மாவோடு என்றால் ஒரு மணி நேரம். "ஏனுங்கம்மா, இன்னைக்கு ஒரு கேசு" என்று ஆரம்பித்து விலாவாரியாகச் சொல்வாள். ஸ்பீக்கரில் போடாதே என்று நான் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். அம்மாவுக்கு அப்படி ஒரு மகள் தேவைப்பட்டிருக்கிறாள். கிடைத்துவிட்டாள்.

அம்மா ஓய்வு பெற்ற பிறகு ஒரு கோடையில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்து ரொம்ப நாளாகியிருந்தது. நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா காலிக் குடத்தோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏன் பாப்பா, நீ தண்ணி ஆபீஸ்லதான இருக்க? நம்ம தெருவுக்கு ஆத்தூர் டேம் தண்ணி எப்ப விடுவாக?"

"அது வேற ஆபீஸ்க்கா. நாங்க டெஸ்ட் மட்டுந்தான்."

அவர் நம்பவில்லை. உள்ளே இருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "அவ தண்ணிய விடுறவ இல்ல. நல்லாருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்றவ."

"பாத்துச் சொல்றதுக்காவது மொதல்ல தண்ணி வரணும்ல?" என்றார் அக்கா.

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும்தான். அக்காவை உட்காரச் சொல்லிவிட்டு, எங்கள் தொட்டியில் மிச்சம் இருந்ததில் அவருக்கு ஒரு குடம் மொண்டு ஊற்றினேன்.